சென்னை மேசையில் இருந்தபடி வெளியுறவுச் செய்தி: சில அனுபவங்கள்

இதழியல் வகுப்புகளில் பேசப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எத்தனை நாடு போயிருக்கீங்க மேடம்?" என்றுதான். வெளியுறவுச் செய்தியாளர் என்றால் எந்நேரமும் விமானத்தில் இருப்பவர் என்று நினைக்கிறார்கள். இலங்கைக்குப் பலமுறை போயிருக்கிறேன். மற்றவை மாநாட்டுக்கோ பயிற்சிக்கோ போய் வந்தவை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சென்னையில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில், அதிலும் இரவு ஷிப்டில் கழிந்தது. இந்தத் துறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேசையிலும், பாக் நீரிணையின் இரண்டு கரைகளிலும் கற்றதுதான்.

சென்னையிலிருந்து உலகத்தைப் பற்றி எழுத முடியுமா என்ற தயக்கமே வேண்டாம். பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவர் கைக்கு வந்ததும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலைதான். உலகமும் இந்த ஊரை விட்டுவைத்ததில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்தது. ஐரோப்பாவில் மூண்ட போருக்குப் பயந்து மதராஸ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். பி.டி.ஐ., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி., ஏ.பி. என்று செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஏஜென்சி காப்பி வந்து குவியும். அதில் எது நம் வாசகருக்கு வேண்டும், எத்தனை பத்தி என்று முடிவு செய்து, இரவு முதல் பதிப்புக்குள் தமிழில் கொடுக்க வேண்டும். அப்போது எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு வழக்கத்தைக் கட்டாயமாக்கினார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு ஏஜென்சிகளின் காப்பியையும் அருகருகே வைத்துப் படித்த பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத தகவல் எது, அதைச் சொன்னவர் யார், அவர் எந்த ஊரிலிருந்து சொன்னார் என்று பென்சிலால் கோடு போடுவோம். "டேட்லைன் எந்த ஊருன்னு பாரும்மா, சம்பவம் எந்த ஊர்ல நடந்துச்சுன்னு பாரு, ரெண்டும் ஒண்ணா?" என்பார். டேட்லைன் என்பது செய்தியின் தொடக்கத்தில் வரும் ஊர்ப் பெயர். கொழும்பு டேட்லைனில் வரும் வன்னிச் செய்தியை வன்னியிலிருந்து வந்த செய்தியாகப் படிக்கக் கூடாது. இன்று ஏஜென்சிக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் காணொளி வருகிறது. அந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை.

இலங்கைப் போரின் கடைசிக் கட்டமான 2009 ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களை நான் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இருந்த எந்தப் பத்திரிகையாளருக்கும் அது வெறும் வேலையாக இருக்கவில்லை. சுயேச்சையான செய்தியாளர்கள் யாரையும் போர்ப்பகுதிக்குள் விடவில்லை. ஒரு பக்கம் ராணுவத்தின் அறிக்கை, மறுபக்கம் புலிகள் சார்பு இணையதளங்களின் செய்தி, நடுவில் மருத்துவமனைகளிலிருந்து அரசு மருத்துவர்கள் சொன்ன எண்ணிக்கை. ஈழத்து அகதிகள் இருக்கும் புழல் முகாமிலிருந்தும் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்தும் அலுவலகத்துக்குத் தொலைபேசி வரும். "புதுக்குடியிருப்பில எங்கட ஆக்கள் இருக்கினம், ஏதும் தெரியுமோ?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்ல என்னிடம் உறுதியான தகவல் எதுவும் இருக்காது.

அந்த நாட்களில் ஒரு பழக்கம் எனக்கு உறுதிப்பட்டது. எந்த எண்ணையும் அதைச் சொன்னவரின் பெயர் இல்லாமல் எழுதுவதில்லை. எண்ணுக்கு முன்னால் ஆள் வர வேண்டும். "இன்று இத்தனை பேர் பலி" என்று தலைப்பிடுவது எளிது. யார் எண்ணியது, எங்கிருந்து எண்ணியது என்று சேர்த்தால் தலைப்பு நீளும், வேகம் குறையும். அலுவலகத்துக்குள் இதற்காக வாக்குவாதம் நடந்தது. ஒரு மூத்தவர் என்னிடம், "உனக்கு இரக்கமே இல்லையாம்மா?" என்றுகூடக் கேட்டார். எனக்கு இரக்கம் இருந்ததால்தான் கவனமாக இருந்தேன். செத்தவர்களின் கணக்கு நாளை விசாரணை மேசைக்குப் போகும். அப்போது நாம் ஊதிய எண்ணைக் காட்டி உண்மையான எண்ணையும் சேர்த்துப் பொய் என்று தள்ளிவிட ஆட்கள் காத்திருப்பார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று நம்பத்தக்க பல தரப்புகள் மதிப்பிட்டிருப்பதைப் பதிவு செய்தது. அந்த வாக்கியம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கவனம்தான் அதற்குப் பலம்.

போர் முடிந்த பிறகு ஜெனீவா. ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் வாக்கெடுப்புகளைப் பின்தொடர்ந்தது எனக்குத் தனிப் படிப்பாகவே அமைந்தது. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27 அன்று சிறப்புக் கூட்டத்தில், இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29இல் இந்தியாவும் ஒன்று. 2012இல் இலங்கை மீதான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2013இல் மீண்டும் ஆதரித்தது. அந்த மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியிருந்தது, தி.மு.க. மத்திய கூட்டணியிலிருந்து வெளியேறியிருந்தது. 2014இல் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 2021, 2022லும் அப்படியே.

இதை "டெல்லியின் துரோகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், பலர் முடித்தார்கள். நான் ஒவ்வொரு தீர்மானத்தின் முழு வரைவையும் எடுத்துப் படித்தேன். 2014 தீர்மானம் முந்தையவற்றைப் போன்றது அல்ல. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரணை நடத்த வேண்டும் என்றது. இன்னொரு நாட்டுக்குள் வெளியார் விசாரணை என்பதை டெல்லி ஏற்காது, ஏனென்றால் அதே கதவு நாளை காஷ்மீருக்கும் திறக்கும் என்ற அச்சம் அதற்கு உண்டு. காஷ்மீர் பற்றிய பகுதி என் ஊகம். ஆனால் வரைவைப் படிக்காமல் இந்த ஊகத்துக்குக்கூட வந்திருக்க முடியாது. இந்தியாவின் முடிவு நியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு முடிவை எதிர்க்கிறவர், அது எதனால் எடுக்கப்பட்டது என்பதை எடுத்தவரைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆகவே இளையவர்களுக்கு என் முதல் ஆலோசனை: மூல ஆவணம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் கிடக்கின்றன. ஐ.நா. தீர்மானங்களும் வாக்குப் பதிவுகளும் அதன் மின்னூலகத்தில் உள்ளன. மக்களவை, மாநிலங்களவைக் கேள்வி பதில்கள் பொக்கிஷம். எத்தனை மீனவர் பிடிபட்டார்கள், எத்தனை படகு கரையில் மக்குகிறது, எத்தனை தொழிலாளர் வளைகுடாச் சிறைகளில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அமைச்சரே எழுத்தில் கொடுத்த பதிலாகக் கிடைக்கும். ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்கு ஆகும் நேரத்தில் இவற்றில் பாதியைப் படித்துவிடலாம்.

கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 285 ஏக்கர் தீவு. எல்லாத் தேர்தலிலும் கரையேறுகிறது. தீவை இலங்கைப் பக்கம் சேர்த்த 1974 ஒப்பந்தம் மொத்தமே சில பக்கங்கள்தான். ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலத் தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. 1976 மார்ச்சில் கடிதப் பரிமாற்றமாக வந்த இன்னொரு உடன்பாடுதான் மீன்பிடிப்பை நிறுத்தியது. இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது, இலங்கைப் படகுகள் இந்தியக் கடலில் பிடிக்கக் கூடாது. அதே மார்ச்சில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் நிறைந்த வாட்ஜ் பேங்க் இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் என்று முடிவானது. அப்போது நெருக்கடி நிலை. தி.மு.க. அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டுவிட்டதால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க ஆளில்லை. நம் கோபம் போய்ச் சேர வேண்டிய இடங்களில் இந்த 1976 முக்கியமானது. மேடைகளில் அதைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை.

இனி நான் சொல்லப்போவது தமிழ்நாட்டில் பலருக்குப் பிடிக்காது. எழுதியபோதும் பிடிக்கவில்லை. கச்சத்தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் பாக் நீரிணையின் பிரச்சினை தீராது. நம் விசைப்படகுகள் மீன் தேடிப் போவது கச்சத்தீவைத் தாண்டி, இலங்கையின் நெடுந்தீவை ஒட்டி, மன்னாரை ஒட்டி. அங்கே இருப்பதும் தமிழ் மீனவர்கள்.

ராமேசுவரத்தில் ஒரு படகு உரிமையாளர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். கடலடியோடு இழுத்துவரும் இழுவை மடி வலையின் சேதம் அவருக்குத் தெரியாமல் இல்லை. "மடி போட்டா அடியில இருக்குற குஞ்சு வரைக்கும் வாரிக்கிட்டு வரும், தெரியும்மா. ஆனா கடன் வாங்கிப் போட்ட படகு. கரையில கெடந்தா வட்டிய யாரு கட்டுறது?" என்றார். வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்பது அங்கே பழைய ஏற்பாடு. டோக்கன் வாங்கிப் போகும் அந்த நாளில் டீசல் காசும் கூலியும் எடுக்காவிட்டால் அடுத்த வாரம் படகு இறங்காது. அறுபதுகளிலிருந்து அரசே மானியம் கொடுத்து வளர்த்த தொழில் இது. ஏற்றுமதிக்கு இறால் வேண்டும் என்று ஊக்கப்படுத்தியதும் அரசுதான்.

அடுத்த பயணத்தில் யாழ்ப்பாணக் கரையில் ஒருவர் தன் கொட்டிலுக்குள் அழைத்துப் போய், கிழிந்த வலைகளைக் காட்டினார். போர்க்காலம் முழுக்க அவர்களுக்குக் கடல் மூடப்பட்டிருந்தது. 2009க்குப் பிறகு, இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கடனுக்கு ஒரு சின்னப் படகும் வலையும் வாங்கிக் கடலில் இறங்கினால், எதிரே நம் படகுகள். இழுவை மடி போடும் அந்தப் படகுகளை அவர்கள் 'இந்தியன் றோலர்' (டிராலர்) என்கிறார்கள். "தொப்புள்கொடி உறவு எண்டு உங்கட ஆக்கள் மேடையில சொல்லினம் தங்கச்சி. இரவில வந்து வலையை அறுத்துக்கொண்டு போறதும் நீங்கள்தானே. நாங்கள் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அன்றைய யாழ்ப்பாணத் தமிழ் எம்.பி. எம்.ஏ.சுமந்திரன். தமிழ்நாட்டுச் செய்திகளில் இந்த ஒரு தகவல் எத்தனை முறை வந்திருக்கிறது?

இதை எழுதினால், இலங்கைக் கடற்படையின் பக்கம் பேசுவதாகச் சொல்வார்கள். சொன்னார்கள். நம் மீனவர்கள் சுடப்பட்டிருக்கிறார்கள், அடிக்கப்பட்டிருக்கிறார்கள், படகுகள் நாட்டுடைமையாகி அழுகிப் போயிருக்கின்றன. ஆயுதமில்லாத மீனவனைச் சுடுவதற்கு எந்த எல்லைக் கோடும் நியாயம் ஆகாது, அதையும் அதே கட்டுரையில் எழுதினேன். இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் எழுத வேண்டியிருந்தது. 2014 ஜனவரியில் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் சென்னையிலேயே எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். எனக்கு நம்பிக்கை தந்தவை அப்படிப்பட்ட சந்திப்புகள்தான். அவை தொடரவில்லையே என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது. இழுவை மடியை விட்டு ஆழ்கடலுக்குப் போக 80 லட்ச ரூபாய் படகுக்கு 70 விழுக்காடு மானியம் என்று 2017இல் திட்டம் வந்தது. மீதிப் பணமும், சூரை மீன் தூண்டில் தொழிலுக்கான பயிற்சியும், பாக் நீரிணையில் அன்றன்றைக்குக் கரை திரும்பிப் பழகியவர்களுக்குப் பெரிய தடைகள். பத்திரிகைகள் கேமராவைத் திருப்ப வேண்டிய இடம் அது.

என் அரசியல் பார்வை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். அப்பா பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளி. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பெருமையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். வீட்டில் சோவியத் நாடு இதழ் வரும். அணிசேராக் கொள்கை எங்கள் வீட்டில் ஓர் அறநெறி. அந்த வளர்ப்பிலிருந்து, சின்ன நாட்டின் மீது பெரிய நாடு கை வைக்கக் கூடாது என்பதை எடுத்துக்கொண்டேன். அதை எல்லோருக்கும் பொருத்த வேண்டும் என்பதைத் தொழில் கற்றுத் தந்தது. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன. ஐந்து எதிர்த்தன, இந்தியாவும் சேர்ந்து 35 ஒதுங்கின. மாஸ்கோ மீது பழைய பாசம் உள்ள நண்பர்கள், நேட்டோ விரிவாக்கத்தை மட்டும் எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதினேன். படையை அனுப்பியவர் யார் என்பதை முதல் பத்தியில் எழுதினேன். 2023 டிசம்பர் 12 அன்று காசா போர்நிறுத்தத்துக்கு 153 நாடுகளோடு இந்தியா வாக்களித்தபோது மகிழ்ந்தேன், முந்தைய அக்டோபரில் ஒதுங்கியதையும் சேர்த்தே குறிப்பிட்டேன். முள்ளிவாய்க்காலுக்கு ஒரு தராசு, உக்ரைனின் மரியுபோலுக்கு ஒன்று, காசாவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாம் எழுதுவதை யாரும் நம்ப மாட்டார்கள்.

நம் வீட்டு வாசலையும் அதே தராசில் வைக்க வேண்டும். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் பிறந்து, இங்கேயே படித்து, பெயிண்ட் அடித்துப் பிழைக்கும் ஈழத்துப் பிள்ளைகள் அதில் இல்லை. வெளியுறவு நிருபர்கள் இந்த முகாம்களை மாவட்ட நிருபரின் பீட், அதாவது அவர் பொறுப்பில் உள்ள செய்திப் பகுதி என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையது அல்ல.

சென்னையில் செய்திக்கு ஆள் கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, நான் போனது பீச் ஸ்டேஷன் எதிரே பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைகளுக்கு. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ரங்கூனில் இன்னும் சொந்தக்காரர்கள் உள்ளவர்களும் உண்டு. டெல்லி நிபுணர் சொல்லாததை அவர்கள் சொன்னார்கள். செங்கடலில் 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கியபோது ஆம்பூர்த் தோல் ஏற்றுமதியாளர்களிடமும், துறைமுகத்து சரக்கு முகவர்களிடமும், விடுமுறையில் வந்திருந்த கப்பல் மாலுமிகளிடமும் பேசினேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி என்றபோது வாஷிங்டனைப் போலவே திருப்பூரும் வெளியுறவுச் செய்தியின் டேட்லைன்தான். தூதரக விருந்துகளுக்குப் போங்கள், அறிமுகங்கள் தேவை. ஆனால் அங்கே கேட்பதை அவர்களின் நிலைப்பாடாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. உலகத்தில் எங்கே நிலநடுக்கம் வந்தாலும், விமானம் விழுந்தாலும், "தமிழர்கள் இருக்காங்களா?" என்பதுதான் நம் அலுவலகங்களில் முதல் கேள்வி. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகள் நிறைந்த மாநிலத்தில் அது நியாயமான கேள்வி. இல்லை என்று தெரிந்ததும் செய்தியைச் சுருக்கி ஓரத்தில் போடுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சில நடைமுறை விஷயங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் செய்தி சேகரிக்காதீர்கள். ஊடகப் பணிக்குரிய அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். நீங்கள் விமானம் ஏறி வந்துவிடுவீர்கள், உங்களோடு பேசியவர்தான் விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பேசியவர்களின் பெயர், கிராமம், அடையாளம் தெரியும் படம் மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். அவர் சம்மதித்தாலும், அவர் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து ஒருமுறை யோசியுங்கள்.

இலங்கையைப் பற்றி எழுத நினைக்கிறவர்கள் சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டத் தொடங்கி, இன்று நாளிதழ்த் தலைப்புகளைப் படிக்கும் அளவுக்கு வந்திருக்கிறேன். 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் இளைஞர்கள் திரண்டு கோத்தபய ராஜபக்சவை நாட்டைவிட்டு ஓடவைத்தபோது, தெற்கில் மக்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஆங்கிலப் பத்திரிகைகள் வழியாகவே நாம் தெரிந்துகொண்டோம். அந்த மே மாதம், போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்த கஞ்சியின் நினைவாகக் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை அதே திடலில் சிங்கள இளைஞர்கள் சிலர் வாங்கிக் குடித்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒரு தமிழ்நாட்டுச் செய்தியாளர் அன்று அங்கே இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்கலாம்!

சம்பளம் பற்றியும் கேட்கிறார்கள். தமிழில் வெளியுறவுக்கு மட்டும் என்று பணியிடங்கள் மிகக் குறைவு. முதல் சில ஆண்டுகள் வேறொரு பீட்டோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். துறைமுகம், மீன்வளம், ஏற்றுமதி, வெளிநாட்டு வேலைவாய்ப்பு இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நான்கும் வெளியுறவுக்குள் போகும் பாதைகள்.

மீன்வளம் கிடைத்தால், கைதுச் செய்தி உங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். "மீனவர்கள் சிறைபிடிப்பு" என்ற நான்கு வரியோடு விடாதீர்கள். விசைப்படகா நாட்டுப்படகா, எந்த இடத்தில் பிடிபட்டது, எந்தச் சட்டத்தில் வழக்கு, ஊர்காவற்றுறை நீதிமன்றமா மன்னாரா பருத்தித்துறையா என்று கேளுங்கள். பிடிபட்டவர்களில் உரிமையாளர் யார், கூலிக்குப் போனவர் யார் என்று கேளுங்கள். சிறையில் இருப்பவர் பெரும்பாலும் கூலிக்காரராகத்தான் இருப்பார். பிறகு அக்கரைக்கு ஒரு தொலைபேசி போட்டு, அன்றிரவு அங்கே யாருடைய வலையாவது போனதா என்றும் கேளுங்கள்.